ஏழாவது கோடு

லியெபாயாவில் பேருந்து நின்றதும்
தலைகளை எண்ணினேன்.
ஓட்டுநர், தூங்கி வழியும் ஒருவர், நான்.
ஒன்பது வராமல் இறங்கக் கூடாதென்று
கை கம்பியைப் பிடித்தபடியே இருந்தது.
"இறங்குகிறீர்களா இல்லையா?"
கேட்டது என் தாய்மொழி.
நான் மன்னிப்புக் கேட்டது ஸ்பானிய மொழியில்.

அண்ணன் குன்டிஸ் குடையோடு வந்திருந்தான்.
பெட்டியைத் தூக்கிப் பார்த்து
"நாலு வருஷத்துக்கு இவ்வளவுதானா?" என்றான்.
நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
கடற்காற்று குடையைப் பிய்த்து மேலே திருப்பியது.
கோச்சபாம்பாவில் இப்போது காலை பத்து என்றேன்,
அவன் கேட்காமலே.
பத்து மணிக்குள் எட்சன்
இன்றைய பேனாவைத் தொலைத்திருப்பான்.

முதல் வாரம் எல்லோரும் கேட்டார்கள்,
எப்படி இருந்தது?
ஒரு கை கோட்டுக்குள்ளும்
ஒரு கால் படியிலுமாக நின்று கேட்கிற கேள்வி.
"பாவம் பிள்ளைகள்" என்று
பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.
பாவமெல்லாம் இல்லை.
ஸுல்மா சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள்.
ஜோவானா என் சம்பளத்தை விசாரித்தாள்,
தொகையைக் கேட்டபின்
ஒரு வாரம் என்னை மதிக்கவில்லை.
இதையெல்லாம் படிக்கட்டில் வைத்துச் சொல்ல முடியாது.

ஞாயிறன்று உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.
இங்கும் அதுதான், அங்கும் அதுதான்,
கை ஏமாந்துவிட்டது.
பதினோரு பேருக்கு வெந்து நின்றது.
ஒரு பாத்திரம் நிறைய எடுத்துப் போய்
மூன்றாம் மாடி விஸ்மாவின் கதவைத் தட்டினேன்.
"யார் செத்துப்போனது?" என்றாள்.

அந்த வீட்டுச் சமையலறைக் கதவு நிலையில்
பென்சில் கோடுகள் உண்டு.
பிள்ளைகளின் உயரம் என்றுதான்
வருகிறவர்கள் நினைப்பார்கள்.
இல்லை. எங்கள் உயரம்.
அவர்கள் பேச்சில் தியா, அதாவது அத்தை.
யார் வந்தாலும் அந்த ஒரே பெயர்.
போன அன்றே ஷூவைக் கழற்றச் சொல்லி
நிமிர்ந்து நிற்கவைத்து
தலையில் நோட்டுப் புத்தகத்தைப் படுக்கவைத்து அளந்தார்கள்.
ஜெர்மனிக்காரி ஒருத்தி, பெல்ஜியத்து இரட்டையர்,
ஆறு வாரத்தில் அழுதுகொண்டே போனவள்...
நான் ஏழாவது கோடு.
"உங்களை அளக்காமல் எங்களை எதற்கு?"
லிம்பெர்ட்டுக்கு அப்போது ஒன்பது வயது.
பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தபடி சொன்னான்:
"நாங்கள் இங்கேதானே இருப்போம்.
எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம்."

எங்கள் ஊர்க் கணக்கில் நான் குட்டை.
கிளம்புகிற காலையில்
அவன் என் கோட்டின் கீழ் முதுகை ஒட்டி நின்றான்.
ஒரு விரல் குறைந்தது.
"இன்னும் இரண்டு மாசம்" என்றான்.
இரு என்று அவன் கேட்கவில்லை.
கணக்கைச் சொன்னான், அவ்வளவுதான்.
வாசல் வரை எட்டுப் பேர் வந்தார்கள்.

புதன்கிழமை ஃபோனில் ஸுல்மா.
புது தியா வந்தாயிற்று.
போர்ச்சுகல்காரி.
உன்னைவிட இரண்டு விரல் குள்ளம்.
சூப் உன்னைவிட நன்றாக வைக்கிறாள்.
லிம்பெர்ட் இப்போதே அவளைவிட உயரம், தெரியுமா?
நல்லது நல்லது என்று
நான்கு தடவை சொன்னேன்.
நான்காவதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

"சுவருக்கெல்லாம் வெள்ளையடிக்கப் போகிறார்களாம்."
"கதவு நிலைக்கு?"
"தெரியாது. கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்,
கேட்க மாட்டாள்.
பின்னால் ஏதோ தட்டும் சத்தம்.
"அவன்தான். முற்றத்தில் பந்து. கூப்பிடவா?"
"வேண்டாம்.
ஃபோனை ஜன்னல் ஓரம் பிடி, போதும்."

பிடித்தாள்.
சுவர், கால், சுவர், கால்.
இடையில் ஒரு நாய், யாரோ ஒருவரின் திட்டு,
பாதியில் நின்று மறுபடி சுவர்.
எண்பத்திரண்டு வரை எண்ணினேன்,
அதற்குள் அவளுடைய கார்டில் காசு தீர்ந்தது.

"யார் ஃபோனில்?
ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்கிறாய்?"
குன்டிஸ் அடுப்பின் முன் நின்று
மூன்றாவது நாளாக அதே உருளைக்கிழங்கைச்
சூடாக்கிக்கொண்டிருந்தான்.